எட்டு மணி மாத்திரை பிறந்த கதை

சிங்கப்பூரின் தோ பாயோவில், எங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசலில் அப்பா நின்றுவிடுவார். கதவு திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. ஏறத்தான் வந்தார், ஏற வேண்டும் என்று மனமும் சொல்கிறது. கால் மட்டும் தரையோடு பூசி வைத்த மாதிரி எழும்பாது. கதவு மூடிக்கொள்ளும். பொத்தானை மறுபடி அழுத்துவேன். திறக்கும், மறுபடி மூடும்.

ஒரு நாள் எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி இதைப் பார்த்துவிட்டார். எதுவும் சொல்லாமல் உள்ளே போய்ச் சிவப்பு ஒட்டுநாடா ஒன்றைக் கொண்டுவந்தார். மின்தூக்கிக்கு முன்னால் தரையில் ஓர் எட்டுக்கு ஒன்றாக நாலு கோடு ஒட்டினார். அவர் கணவருக்கும் இதே பார்கின்சன் நோய்தானாம். "கோட்டைத் தாண்டச் சொல்லு" என்றார். அப்பா குனிந்து முதல் கோட்டைப் பார்த்தார். தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார். நாலும் முடிந்து உள்ளே போய்த் திரும்பி நின்றார். நான்தான் வெளியே நின்றுகொண்டிருந்தேன், ஏறத் தோன்றாமல்.

அவர் நின்றுவிடுவது காலில் பலம் இல்லாததால் அல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தசை நன்றாக இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. நடுவில் எங்கோ ஓர் உத்தரவு கிடைக்கவில்லை. கண் வழியாகக் கோடு உள்ளே போனதும் அதே உத்தரவு வேறு பாதையில் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பாதைகளைப் பற்றி மனிதர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று தேடப் போனேன். தேடிய இடமெல்லாம் அப்பா காலை எட்டு மணிக்கு விழுங்கும் சின்ன மாத்திரைக்கே கொண்டுவந்து விட்டது. அதில் 100 மில்லிகிராம் லெவோடோபா இருக்கிறது, துணைக்கு 25 மில்லிகிராம் பென்செராசைடு. லெவோடோபாவை எல்-டோபா என்றும் சொல்வார்கள். இந்த மருந்து பிறந்தபோது எந்த நோய்க்கு என்று யாருக்கும் தெரியாது. நோய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், ஒன்றையொன்று அறியாமல் அரை நூற்றாண்டு இருந்திருக்கின்றன.

நோய்க்கு வைத்திருப்பது லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சனின் பெயர். 1817-இல் அவர் எழுதிய சிறு நூலில் ஆறு பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடுக்கம், முன்னால் குனிந்த உடல், விழுந்துவிடுவது போன்ற வேக நடை, எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்திருக்கிறார். ஏன் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. ஆயுர்வேதத்தில் இதற்குக் கம்பவாதம் என்று பெயர். பூனைக்காலி விதையையும் நம் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

பூனைக்காலியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேலியில் ஏறும் கொடி. காயின் மேல் பட்டுப்போலப் பழுப்பு ரோமம் இருக்கும், தொட்டால் உயிர் போகிற அரிப்பு. அந்த அரிப்புக்குள் இருக்கும் விதையில்தான் விஷயம்.

1913-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில், ரோஷ் மருந்து நிறுவனத்தில் வேலை செய்த மார்கஸ் குகென்ஹைம் ஒரு வகை அவரையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார். முயலுக்குக் கொடுத்துப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டரை கிராமைத் தாமே விழுங்கினார். குமட்டிக்கொண்டு வந்தது, வாந்தி எடுத்தார். உடம்புக்கு உதவாத பொருள் என்று அதற்குமேல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து வருவது நம் ஊர். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் பயோகெமிக்கல் ஜர்னலில் நாலே பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. அவர்கள் செய்தது வேதியியல், மருத்துவம் அல்ல. பூனைக்காலியையும் கம்பவாதத்தையும் பற்றி வைத்தியர்கள் அறிந்திருந்ததும், ஆய்வகத்துக் குடுவையில் படிந்த வெள்ளைப் பொடியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. மூளையில் அந்தப் பொடிக்கு என்ன வேலை என்ற கேள்வியையே அன்று உலகில் யாரும் கேட்டிருக்கவில்லை. இந்த நாலு பக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பூட்டு எங்கே என்று தெரியாத காலத்தில் சாவியை வார்த்து வைத்தவர்கள் அவர்கள்.

பூட்டைக் காட்டிக் கொடுத்தது இன்னொரு செடி. அதுவும் நம் மண்ணுடையது. சர்ப்பகந்தி. பீகார்ப் பக்கத்தில் அதன் வேரைப் பைத்தியத்துக்கு மருந்து என்றே அழைப்பார்கள். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள், அது மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்த அழுத்தத்தில் அதன் பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் மேல்நாடு திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதே பாஸல் நகரத்தில், சிபா நிறுவனத்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. ரத்த அழுத்தம் இறங்கியது. கூடவே, மருந்து உண்டவர்களில் சிலர் அசைவு குறைந்து, முகம் உறைந்து, பார்கின்சன் நோயாளியைப் போலவே ஆனார்கள்.

இந்த இடத்தில்தான் சுவீடனின் அர்விட் கார்ல்சன் வருகிறார். லுண்ட் பல்கலைக்கழகத்தில் அவரும் தோழர்களும் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார்கள். முயல்கள் காது தொங்கி, கால் மடங்கி, அசையாமல் கிடந்தன. உயிர் இருக்கிறது, விழிப்பு இருக்கிறது, அசைவு இல்லை. பிறகு எல்-டோபாவை ஏற்றினார்கள். சற்று நேரத்தில் காது நிமிர்ந்தது. முயல்கள் எழுந்து நடமாடின. ஆண்டு 1957. சர்ப்பகந்தியிலிருந்து வந்த மருந்து கட்டிப்போட்டது, பூனைக்காலி விதையிலும் இருக்கிற பொருள் அவிழ்த்துவிட்டது. எல்-டோபா மூளைக்குள் டோபமைனாக மாறுகிறது என்பதும், டோபமைன் வெறும் இடைப்பொருள் அல்ல, தானே ஒரு தூதன் என்பதும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் துலங்கின. மூளையின் நடு ஆழத்தில், ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் அது குவிந்திருப்பதையும் லுண்டில்தான் கண்டார்கள். கார்ல்சனின் பேச்சை 1960-இல் லண்டனில் கூடிய பெரிய அறிஞர்கள் பலர் நம்பவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 2000-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1960-இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்தார். டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் ஒரு சோதனை. மற்றவர்களின் மூளைச் சாற்றில் நிறம் எழுந்தது. பார்கின்சன் நோயாளிகளின் மூளைச் சாற்றில் நிறம் கிட்டத்தட்ட ஏறவே இல்லை. கருவியில் அளப்பதற்கு முன்பே வெறும் கண்ணுக்குத் தெரிந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். டோபமைன் செய்யும் செல்கள் நடுமூளையில் கறுப்புத் திட்டாக இருக்கின்றன. சில லட்சம் செல்கள்தான். இந்த நோயில் அந்தக் கறுப்பு வெளிறிப்போவதை 1919-லேயே பாரிஸில் திரெத்தியாகோஃப் சொல்லியிருந்தார். அதையும் பலர் பொருட்படுத்தியிருக்கவில்லை.

ஹோர்னிகீவிச் அடுத்த ஆண்டே வால்தர் பிர்க்மாயர் என்ற மருத்துவரை இணங்க வைத்து இருபது நோயாளிகளுக்கு எல்-டோபாவை ஊசியில் கொடுக்கச் செய்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நிற்க முடியாதவர்கள் நின்றார்கள். சில மணி நேரம்தான், பிறகு பழையபடி. அதை அன்றாடம் விழுங்கும் மருந்தாக்கியவர் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜார்ஜ் கோட்சியாஸ். நடுமூளையின் கறுப்பு நிறமியை மீட்கலாம் என்ற வேறொரு கணக்கில்தான் அவர் தொடங்கினார். 1967-இல், சிறு அளவில் ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு தாங்கிக்கொள்ளும் என்று காட்டினார். சென்னைக் கட்டுரை அச்சாகி முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

குமட்டல் மட்டும் மிச்சம். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்ச் சுவரை டோபமைன் தாண்டாது, எல்-டோபா தாண்டும். ஆனால் வழியிலேயே, வயிற்றிலும் ரத்தத்திலும், பெரும்பகுதி டோபமைனாக மாறி வீணாகிவிடும். குகென்ஹைம் வாந்தி எடுத்ததற்கும் அதுதான் காரணம். அந்த வழிக் களவைத் தடுக்கத்தான் பென்செராசைடு, கார்பிடோபா போன்ற காவல்கள் சேர்ந்தன. கார்பிடோபா சேர்ந்த மாத்திரைக்கு வைத்த பெயர் சினிமெட். வாந்தி இல்லாமல் என்பது அதற்கு லத்தீன் மூலம். இடக்கை வலக்கை போல இரண்டு வடிவம் உள்ள இந்த மூலக்கூறில், உடம்புக்கு ஆகும் ஒன்றை மட்டும் தொழிற்சாலையில் செய்யும் வழியைக் கண்டவர் வில்லியம் நோல்ஸ். அவருக்கு 2001-இல் வேதியியல் நோபல். அப்பா தண்ணீரோடு விழுங்கும் பொட்டுக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு நோபல் பரிசுகள்.

சரி, டோபமைன் அங்கே போய் என்னதான் செய்கிறது? இதை அப்பாவுக்கு விளக்க நான் மூன்று முறை முயன்று தோற்றேன். கடைசியில் அவருக்குத் தெரிந்த மடையைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவர். வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். மடைகள் எல்லாம் எப்போதும் அடைத்தே இருக்கும். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த மடையை மட்டும் திறக்க வேண்டும், மற்றவை அடைத்தபடியே இருக்க வேண்டும். மூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்புக் கூட்டமும் அப்படித்தான். அதன் கடைசி வாசல் எந்நேரமும் அசைவுகளை அடக்கிக்கொண்டே இருக்கிறது. கை நீட்ட வேண்டும் என்றால் அங்கே புதிதாக ஒரு விசை பிறப்பதில்லை, கை நீட்டும் மடையின் அடைப்பு விலகுகிறது. அடைப்பை விலக்கும் சுற்று ஒன்று. வேண்டாத மடைகளை இன்னும் இறுக்கும் சுற்று இன்னொன்று. டோபமைன் முதல் சுற்றைத் தட்டிக்கொடுக்கிறது, இரண்டாவதைத் தணிக்கிறது. அது வற்றினால் எல்லா மடையும் இறுகிப்போகும். "தண்ணி இருக்கு, மடை தொறக்கல" என்றார் அப்பா. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படிக்கவில்லை.

இந்த மடை வரைபடம் கிடைக்கவும் ஒரு துயரம் தேவைப்பட்டது. 1982-இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல உறைந்துபோனார்கள். கள்ளத்தனமாகச் செய்த போதைப்பொருளில் எம்பிடிபி என்ற கலப்பு இருந்தது. அது நடுமூளையின் கறுப்புச் செல்களைத் தேடித் தேடி அழித்திருந்தது. அவர்களைப் பார்த்த மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் காரணத்தைக் கண்டுபிடித்தார். அதே பொருளைக் கொண்டு குரங்குகளில் நோயை உண்டாக்கி, சுற்றைக் கம்பி கம்பியாகப் பின்தொடர வழி பிறந்தது. மாலன் டிலாங்கும் தோழர்களும் 1990-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நோயுற்ற குரங்கில் சப்தாலமிக் கரு என்ற சிறு புள்ளி மிதமிஞ்சி இயங்குகிறது, அதைச் செயலிழக்கச் செய்தால் அசைவு திரும்புகிறது. இருபது ஆண்டு கழித்து, 2010-இல், சான் பிரான்சிஸ்கோவில் எலிகளின் அந்த இரண்டு சுற்றுகளையும் ஒளியால் தனித்தனியே தூண்டிப் பார்த்தார்கள். ஒன்றைத் தூண்டினால் எலி உறைந்தது, மற்றதைத் தூண்டினால் நோயுற்ற எலியும் நடந்தது.

தோ பாயோக்காரர்களுக்கு 1987 என்றால் எம்ஆர்டி. சிங்கப்பூரின் முதல் எம்ஆர்டி ரயில் அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் ஓடியது. ஐந்தே நிலையங்கள். அதே 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் அலிம்-லூயி பெனாபிட் மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி விடாமல் மின்துடிப்புக் கொடுத்து நடுக்கத்தை நிறுத்திய செய்தியை வெளியிட்டார். அறுவை சிகிச்சைக்கு முன் சரியான இடம்தானா என்று சோதிக்கக் கொடுக்கும் மின்துடிப்பை நொடிக்கு நூறு என்ற அளவுக்கு ஏற்றியபோது நடுக்கம் அடங்கியதைக் கவனித்ததுதான் அதன் தொடக்கம். டிலாங் காட்டிய புள்ளியிலேயே பிறகு அவர் கம்பியை வைத்தார். 2014-இல் இருவரும் சேர்ந்து லாஸ்கர் விருது பெற்றார்கள். மாத்திரையின் பலன் ஏறி இறங்கி அலைக்கழிக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு இன்று அது ஒரு கதி.

அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, இரண்டாவதாக ஒரு மாத்திரை சேர்ப்பதற்கு முன் அந்த இளம் மருத்துவர் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கிள், ஃபோர்-டி வாங்குவீங்களா? டோட்டோ?" அப்பா வாழ்நாளில் லாட்டரி நம்பர் எடுத்தவர் அல்ல. கேள்வியில் அவமானம் எதுவும் இல்லை, அக்கறைதான் இருந்தது. 1986-இல் டிலாங்கும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரையில் அதற்கு விளக்கம் இருக்கிறது. இந்த மடைக் கூட்டத்தில் அசைவுக்கு மட்டும் வாய்க்கால் இல்லை. கண்ணைத் திருப்ப ஒன்று, திட்டமிட ஒன்று, வேண்டும் என்ற ஆசைக்கு ஒன்று என்று இணையிணையாக ஓடுகின்றன. அசைவு வாய்க்காலுக்காகக் கொடுக்கும் மருந்து ஆசை வாய்க்காலிலும் பாயும். டோபமைனைப் போலவே நடிக்கும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகளால் சிலர் சூதாட்டத்திலும் கண்மண் தெரியாமல் சாமான் வாங்குவதிலும் இறங்கிவிடுகிறார்கள். மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஒழுக்கம் என்று நாம் ஊரறியத் தீர்ப்புச் சொல்லும் எத்தனையோ விஷயங்களுக்கு அடியில் இப்படி ஒரு மடை இருக்கிறது. அதை அறிந்த பிறகு யாரையும் பற்றி அவசரமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

உடம்பின் மற்ற காரியங்களும் இதில் அடக்கம். நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே அப்பாவுக்கு மலச்சிக்கல். லோரோங் 8 வைராவிமட காளியம்மன் கோயிலில் கற்பூரம் காட்டும்போது, "வாசனையே காணோமே, மட்டமான கற்பூரமா?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் கற்பூரத்தைத்தான் குறை சொன்னோம். நுகர்வுக்கான நரம்பு முனையிலும், குடலை ஆளும் வேகஸ் நரம்பு கிளம்பும் இடத்திலும் இந்த நோய் முதலில் தட்டுப்பட்டு, பிறகே நடுமூளைக்கு ஏறுகிறது என்று ஜெர்மனியின் ஹைகோ பிராக் 2003-இல் முன்வைத்தார். எல்லாருக்கும் அதே வரிசை இல்லை என்றாலும், அப்பாவின் கதை அப்படித்தான் நடந்திருக்கிறது. எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிவது, இரவில் நாலு முறை சிறுநீர், கையெழுத்து வரியின் கடைசிக்குள் எறும்பாகச் சிறுப்பது, எல்லாம் ஒரே கொடியின் காய்கள். சிங்கப்பூரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2004-இல் வெளியான ஆய்வு சொன்னது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று அதில் பெரிய வித்தியாசம் இல்லை. தோ பாயோ மாதிரி முதியவர்கள் நிறைந்த பேட்டையில் கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், கையை மடியில் அழுத்திப் பிடித்திருக்கும் ஒருவராவது என் கண்ணில் படாமல் இல்லை.

உறவினர் ஒருவர் இந்தியாவிலிருந்து பூனைக்காலிப் பொடி வாங்கி வரட்டுமா என்று கேட்டார். லண்டனில் 2004-இல் எட்டு நோயாளிகளுக்கு அந்தப் பொடியைக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள், சீக்கிரமே வேலை செய்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். பொடிக்குப் பொடி அளவு மாறும். ஏற்கெனவே உள்ளே போகும் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் கணக்கு தவறிவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் சேர்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மாத்திரை எட்டு மணிக்கு, பசியாறுவது எட்டரைக்கு. இதில் நான் கறார். முட்டை, பருப்பு, தவ்வு (சோயாக் கட்டி) இவற்றில் உள்ள புரதம் சிதைந்து, எல்-டோபா நுழையும் அதே வாசலில்தான் நுழையப் பார்க்கும். கூட்டம் சேர்ந்தால் மருந்து வெளியே நின்றுவிடும்.

அந்த அரைமணி நேரம் அப்பா சன்னலோர நாற்காலியில் இருப்பார். முகம் அசையாது, கண் இமைப்பதுகூடக் குறைவு. இந்த நேரத்தில்தான் ஒரு நாள் அவரிடம் சென்னை ஆய்வகத்துக் கதையைச் சொன்னேன். தாமோதரன், இராமசாமி, 1937, பூனைக்காலி விதை. கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. இந்த நோயில் கேட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரியாது.

எட்டு இருபத்தைந்து இருக்கும். "ஏம்மா, அது அரிக்கிற காய்ல?" என்றார்.

"ஆமாப்பா."

"ஸ்கூல்ல வாத்தியார் நாற்காலியில தடவி வச்சோம். நானும் இன்னும் ரெண்டு பேரும்." நிறுத்தினார். அடுத்த சொல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. "மூணு பேருக்கும் அடி. எனக்குத்தான் அதிகம்."

சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்தார். முதலில் இடது உதட்டின் ஓரம் அசைந்தது. பிறகு கன்னம். கொஞ்சம் கழித்துத்தான் கண். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இட்லியை எடுத்துவைக்க எழுந்தேன்.